திருஷ்டிக் குடத்துக்குள் தொண்ணூற்றெட்டு வாட்

‘மோட்டார் எரிந்துபோய்விட்டது’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். மோட்டார் தானாக எரியாது. யாராவது எரிப்பார்கள், அல்லது ஏதாவது எரிக்கும். அது யார், எது என்று தெரியாமல் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்கிற வேலை. முப்பத்தாறு வருடம் தஞ்சாவூரில் ஒரு ரீவைண்டிங் பட்டறையில், எரிந்த பம்ப்செட் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பி சுற்றினேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்தக் கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

போன மாதம் பட்டறைப் பக்கம் போயிருந்தேன். இப்போது எல்லாம் மாறிவிட்டது. வயலில் ஓடும் மோட்டாரின் வோல்டேஜும் ஆம்பியரும் பட்டறையில் இருப்பவர் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. இன்றைய மெக்கானிக் சுவரைக் காட்டி, “அண்ணே, இந்தச் சிலேட்டை மட்டும் யாரும் துடைக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க. பதினாலு, ஏழு, ரெண்டு, தொண்ணூத்தெட்டுன்னு போட்டிருக்கு. லாட்டரி நம்பரா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பதில் சொல்ல ஒரு டீ நேரம் போதாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பூதலூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு, அறுப்பு என்று நின்றவர்கள். நான் ஐ.டி.ஐ. முடித்துச் சான்றிதழும் கையுமாகப் பட்டறை வாசலில் நின்றபோது, மின்சாரத்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற நினைப்பு. முதல் ஆறு மாதம் எரிந்த சுருளை உளி வைத்து வெட்டி எடுக்கும் வேலைதான் கிடைத்தது. அடுத்த இரண்டு வருடம் சுற்று எண்ணினேன். மூன்றாம் வருடம்தான் மீட்டரைக் கையில் கொடுத்தார்கள்.

கொடுத்தவர் காதர் பாய், பட்டறையின் தலைமை மெக்கானிக். நாகப்பட்டினத்துக்காரர். கிரீசும் வார்னிஷும் வழிகிற பட்டறைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். சாயங்காலம் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பத்தொன்பது வயதுப் பையனாக இருந்த என்னையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். சாதாரண நாளில் நான் ‘சேகர்’. ‘சேகர் அவர்களே’ என்று ஆரம்பித்தால் அன்றைக்கு என் கதை முடிந்தது என்று பொருள்.

புதிதாகச் சுற்றிய எந்த மோட்டாரும் அவருடைய சோதனையைத் தாண்டாமல் வெளியே போகாது. ஒரு கார் பேட்டரியை எடுத்து வைப்பார். மோட்டாரின் மூன்று முனைகளில் இரண்டை அதில் இணைப்பார். வோல்டேஜ் பன்னிரண்டு, ஓடும் கரண்ட் நான்கு ஆம்பியர் என்றால், சிலேட்டில் பன்னிரண்டை நான்கால் வகுத்து மூன்று ஓம் என்று எழுதுவார். கம்பி கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான கணக்கு அவ்வளவுதான். பிறகு அடுத்த ஜோடி முனைகள், அதற்கடுத்த ஜோடி. மூன்றும் மூன்று ஓம் வரவேண்டும். ஒன்று கொஞ்சம் தள்ளி வந்தாலும் மோட்டார் திரும்பவும் என் மேசைக்கே வந்துவிடும். “மூணும் ஒரே வயித்துப் புள்ளைங்களா இருக்கணும் சேகர்” என்பார். தேறிய எண்களை மோட்டாரின் டெர்மினல் பெட்டி மூடிக்கு உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் தன் கையாலேயே எழுதி வைப்பார்.

கரண்ட் உள்ள இடத்தில் அளக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கையும் நீட்டினால், தப்பித்தவறி ஷாக் அடித்தால் அது நெஞ்சு வழியாகப் போகும் என்பது அவர் பாடம். நாங்களும் அப்படியே பழகினோம். இன்றைக்கும் வீட்டில் பல்பு மாற்றும்போது என் இடது கை தானாகப் பின்னால் போகிறது. என் மனைவி, “பல்புக்கு எதுக்கு இவ்வளவு பவ்யம்?” என்று கேலி செய்வாள்.

ஒரு தடவை ஒரத்தநாட்டுக்குப் போய் ஒரு மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்து, “வோல்டேஜ் நானூத்திப் பதினஞ்சு, சரியா இருக்கு பாய்” என்றேன். “ஆம்பியர்?” என்றார். பார்க்கவில்லை என்றேன்.

“சேகர் அவர்களே, வோல்ட்டை மட்டும் சொல்றது, மாப்பிள்ளை மட்டும் மண்டபத்துல வந்து உக்காந்திருக்கிற மாதிரி. பொண்ணு வராம தாலி யாருக்குக் கட்டுவீங்க? ரெண்டும் சேந்து வந்தாத்தான் வகுத்தா ஓம் தெரியும், பெருக்குனா வாட் தெரியும். போயிட்டு வாங்க.”

அன்றைக்கே திரும்பவும் ஒரத்தநாட்டு பஸ் ஏறினேன். அத்தோடு புத்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தச் சிலேட்டுக்கு வருகிறேன். ஒரு குறுவை நேரம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. போர்வெல் வைத்திருந்தவர்கள் மட்டும் நாற்று விட்டிருந்தார்கள். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து ஒரு ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் எரிந்து வந்தது. நான்தான் சுற்றிக் கொடுத்தேன். பத்து நாளில் மறுபடி எரிந்து வந்தது. மறுபடி சுற்றினேன். அது மூன்றாவது தடவை லோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது கூடவே நாலு பேரும் வந்து இறங்கினார்கள்.

அந்த நாலு குடும்பத்துக்கும் அது பங்கு போர். ஒவ்வொருவருக்கும் முறை வைத்துத் தண்ணீர். முன்னால் நின்று பேசியவர் கோவிந்தராசு. வயதில் மூத்தவர், போர் போட்டதில் முதல் ஆள். பின்னால் ஒரு ஓரமாகத் தேன்மொழி என்ற பெண் நின்றிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் குடும்பம் தலைமுறையாக அடுத்தவர் வயலில் வேலை பார்த்த குடும்பம். வாய்க்காலின் கடைசியில், கொஞ்சம் மேட்டில், முக்கால் ஏக்கர் வாங்கி, சொந்தமாகச் செய்யும் முதல் போகம் அது.

“பாய், மூணாவது தடவை. மூணு தடவையும் இந்தப் பொண்ணு முறையிலதான் எரிஞ்சுது. எங்க மூணு பேரு முறையிலயும் ஒரு சத்தம் கெடையாது. உங்க கம்பி சரியில்லையா, இல்ல இது ராசி சரியில்லையா, ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரியணும்” என்றார் கோவிந்தராசு.

“என் ராசியில என்ன மாமா இருக்கு? நான் பச்சை பட்டனை அமுக்கறேன், செவப்பு பட்டனை அமுக்கறேன். நீங்களும் அதைத்தான செய்யறீங்க?” என்றார் தேன்மொழி.

“அதெல்லாம் பேசி முடிச்சாச்சு. இனிமே உன் முறைக்கு மோட்டார் போடறதில்ல.”

“நாத்துக்கு இருபத்திமூணு நாள் ஆச்சு. இன்னும் நாலு நாள்ல நடணும். தண்ணியில்லாம எங்க நடுவேன், ரோட்டுலயா?”

அந்த அம்மாவின் முதல் வெள்ளாமை அந்த நாலு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது. என் கம்பியும் அதோடு சேர்ந்துதான் தொங்கியது.

காதர் பாய் மோட்டாரைப் பிரித்தார். உள்ளே மூன்று கூட்டமாகச் சுருள்கள். இரண்டு கூட்டம் கரிக்கட்டை. மூன்றாவது கூட்டம் நேற்றுச் சுற்றியதுபோலப் பொன் நிறத்தில் இருந்தது. பழைய தடவைகளிலும் அப்படியே இருந்தது எனக்கு நினைவு வந்தது. மூன்று லைனில் ஒன்று அறுந்து, இரண்டே இரண்டில் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றால்தான் இப்படி வேகும்.

“கம்பி தப்பில்ல. ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒரு லைன் போயிடுது” என்றார்.

“எல்லாம் பாத்தாச்சு பாய். எத்தனை மெக்கானிக்! உங்க ஆளே வந்து பாத்துட்டுப் போனாரே. மூணு லைனும் நானூத்திப் பதினஞ்சு” என்றார் கோவிந்தராசு.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சேகர் அவர்களே, ஆம்பியர்?”

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்து ஊர்களில், மெக்கானிக் வண்டி வரப்பில் தெரிந்தாலே ஓடுகிற மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். வந்தவர் சத்தத்தில் நின்று பேசக்கூடாது என்கிற மரியாதை. கொட்டகையைக் கூட்டி, சாக்கு விரித்து, டீ வாங்கி வந்துவிடுவார்கள். இரண்டாவது தடவை மாட்டிய மோட்டாரை ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது எனக்கும் அதே உபசாரம். நின்ற மோட்டாரில் வோல்டேஜை மட்டும் பார்த்தேன், டீயைக் குடித்தேன், வந்துவிட்டேன். எனக்கு முன்னால் போன மெக்கானிக்குகளும் அதையேதான் செய்திருக்கிறார்கள். கரண்ட் ஓடாத கம்பியில் எந்தக் கோளாறும் தெரியாது. மணப்பெண் இல்லாத மண்டபத்துக்கு இரண்டாம் தடவையும் போய்ப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

“பாக்கல பாய்” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கோவிந்தராசுவிடம், “ஒரு தடவை. இந்தப் பொண்ணு முறைக்கு சேகர் பக்கத்துலயே நிக்கட்டும். அப்பவும் எரிஞ்சா பழி என் பட்டறைக்கு. அப்புறம் நீங்க சொல்றபடியே செய்யுங்க” என்றார். இரண்டு நாளில் மறுபடி சுற்றினேன். அவ்வளவு பயத்தோடு நான் எதையும் சுற்றியதில்லை.

காலை ஏழு மணிக்குத் தேன்மொழியின் முறை. பழைய கொட்டகை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். மின்சாரம் வந்து இறங்கும் பலகை அதில்தான் இருந்தது. பழைய போர் தூர்ந்துபோனதால், புதுப் போரையும் மோட்டாரையும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாற்றியிருந்தார்கள். நடுவில் வரப்போடு ஒரு கேபிள். வரப்பின் நடுவே கேபிளைத் தூக்கிக் கட்ட ஒரு சவுக்குக் கம்பு நட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து, முட்டைக் கண்ணும் மீசையும் வரைந்திருந்தது. வயலுக்குக் கண் படாமலிருக்க வைக்கும் திருஷ்டி முகம். வெயிலில் உருகியதோ என்னவோ, ஒரு பக்கக் கன்னம் உள்ளே போய் மீசை தொங்கிக்கொண்டிருந்தது.

நான் மோட்டார் பக்கம் நின்றேன். பழைய கொட்டகைப் பலகையில் ஒரு வோல்ட் மீட்டரும், அதை மூன்று ஜோடி லைனுக்கும் மாற்றி மாற்றித் திருப்பும் குமிழும் இருந்தன. தேன்மொழி அங்கே நின்று, நான் கை காட்டும்போதெல்லாம் மூன்று எண்களையும் வாய்க்காலைத் தாண்டிக் கத்துவார். முதல் மணி நேரம் அங்கேயும் நானூற்றுப் பதினைந்து, இங்கேயும் நானூற்றுப் பதினைந்து. ஆம்பியர் எட்டு, எட்டு, எட்டு. ஸ்டார்ட்டரில், கரண்ட் மீறினால் தானாக நிறுத்தும் ரிலேயை மட்டும் யாரோ கடைசிவரை திருகி வைத்திருந்தார்கள். அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஒன்பது மணியைத் தாண்டியது. மற்ற மூவரின் முறை இரண்டு இரண்டு மணி நேரம்தான். தேன்மொழியின் நிலம் கடைசியில், மேட்டில். அங்கே தண்ணீர் ஏற ஆறு மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்கு என் மீட்டரில் நானூற்றுப் பத்து. பத்து மணிக்குக் கோவிந்தராசு டீயோடு வந்தார். “தம்பி, இந்தச் சத்தத்துல எப்படி டீ குடிக்கிறது?” என்று சிவப்பு பட்டனை நோக்கிக் கையை நீட்டினார்.

“கையை எடுங்க!” என்று கத்தினேன்.

அந்த ஊரில் அவரைப் பார்த்து யாரும் அப்படிக் கத்தியதில்லை போலிருக்கிறது. டீ அவர் கையிலேயே ஆறிப்போனது.

பதினொன்றரைக்குத் தேன்மொழி அங்கிருந்து கத்தினார்: “நானூத்திப் பதினஞ்சு அண்ணே! மூணும்!” என் பக்கம் ஒரு ஜோடி மட்டும்தான் நானூற்றுப் பதினைந்து. மற்ற இரண்டும் நானூற்று மூன்று. ஒரு கம்பியில் ஏழு ஆம்பியர். மற்ற இரண்டில் ஒன்பது. அப்பாடா என்று இருந்தது. நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதைவிட, அது என் கம்பியில் இல்லை என்பதுதான் முதல் சந்தோஷம். பொய் சொல்வானேன்.

“பன்னெண்டு வோல்ட்டுதான, அதுல என்ன இருக்கு?” என்றார் கோவிந்தராசு.

“அங்க கெளம்பினது இங்க வந்து சேரலீங்க. வழியில யாரோ திங்கறாங்க” என்றேன்.

தேன்மொழி ஓடி வந்தார். “வழியில கேபிளைத் தவிர ஒண்ணும் இல்லையே அண்ணே” என்றவர், வரப்பைப் பார்த்து நின்றுவிட்டார். மூவருமாக நடந்தோம். குடத்தின் அருகே போனபோதே ரப்பர் கருகும் வாடை. புறங்கையை வைத்துப் பார்த்தேன்; சூடு தாங்கவில்லை.

“அதைத் தொடாதீங்க! திருஷ்டிக் குடம்!” என்று சத்தம் கேட்டு வரப்பில் கூடியிருந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். திருஷ்டி கழிய வைத்ததை யாரும் தொடமாட்டார்கள். அத்தனை மெக்கானிக்குகளும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறார்கள். நானும் போயிருக்கிறேன்.

மோட்டாரை நிறுத்தி மெயினையும் இறக்கச் சொன்னேன். “எல்லா திருஷ்டியும் என் மேலதான பட்டிருக்கு. இனிமே புதுசா என்ன வரப்போவுது?” என்று தேன்மொழியே குடத்தைத் தூக்கினார்.

உள்ளே டேப் சுற்றிய மூன்று உருண்டைகள். பழைய அலுமினியக் கேபிளையும் புதுச் செப்புக் கேபிளையும் அப்படியே முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். அலுமினியமும் செம்பும் வெறுமனே முறுக்கினால் நாள்பட ஒட்டாது. இடையில் பூஞ்சணம்போல ஒன்று படியும். இரண்டு உருண்டை சுமார். ஒன்றின் டேப் உருகி வடிந்திருந்தது. அதன் இரு பக்கமும் கம்பியைச் சீவிவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்க வைத்து, மறுபடி மோட்டாரை ஓடவிட்டேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒரே கையில் பிடித்து, முறுக்குக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தேன். நல்ல முறுக்கில் அங்கே ஒன்றுமே காட்டக்கூடாது. காட்டியது ஒன்பது வோல்ட். கால் மணி கழித்து பதினொன்று. இன்னும் கால் மணியில் பதினான்கு. ஆம்பியர் ஏழு.

நான் கணக்குப் போட வாய் திறப்பதற்குள் தேன்மொழி முந்திக்கொண்டார். காலையிலிருந்து நான் முணுமுணுத்ததைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

“பதினாலை ஏழால வகுத்தா ரெண்டு ஓம். பெருக்குனா தொண்ணூத்தெட்டு வாட். சரியா அண்ணே?”

“சரி” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னேன்: “நூறு வாட் குண்டு பல்பை டேப்பால சுத்தி, குடத்தைக் கவுத்து மூடி வச்சிருக்கீங்க. ரெண்டு மணி நேரம் ஓடினா லேசா சுடும், அதுக்குள்ள உங்க முறை முடிஞ்சிரும், ஆறிப்போயிடும். இவங்க ஆறு மணி நேரம் ஓட்டறாங்க. சூடு ஏற ஏற முறுக்கு வுட்டுடுது. ஒரு லைன் போயிடுது. மோட்டார் வெந்துடுது. இவங்க ராசியில ஒண்ணும் இல்ல. இவங்க நெலம் மேட்டுல இருக்கு, அவ்வளவுதான்.”

“யாருப்பா இதை முறுக்குனது?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

கோவிந்தராசு கூட்டத்துக்கு முன்னால் வந்தார். அவர் சொல்லாமல் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“நாந்தான். போர் மாத்துன அன்னைக்கு மழை வந்துடுச்சு, அவசரத்துல முறுக்கினேன். நனையக் கூடாது, எலி கடிக்கக் கூடாதுன்னு குடத்தைக் கவுத்தேன். யாரும் தொட்டு ஷாக் அடிச்சுக்கக் கூடாதுன்னுதான் மூஞ்சிய வரைஞ்சேன்” என்றவர் தேன்மொழி பக்கம் திரும்பினார். “வாய் தவறிப் பேசிட்டேன் தாயி. இன்னைக்கு பொழுது சாயிற வரைக்கும் உன் முறைதான். எங்க முறையெல்லாம் நாளைக்கு.”

தேன்மொழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையைத்தான் துடைத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரத்தநாடு போய், இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் இணைப்பான்களும் ஒரு பெட்டியும் வாங்கி வந்து, கருகிய நுனிகளை வெட்டியெறிந்து, இறுக்கி மாட்டினேன். இரண்டு மணிக்கு ஓடத் தொடங்கிய மோட்டார் பொழுது சாயும்வரை நிற்கவில்லை. கடைசியாக இணைப்பின் இரு பக்கமும் அளந்தேன். எட்டு ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட்டில் நூற்றில் நான்கு பங்கு. வாட் கணக்கில் அரைகூட இல்லை. தண்ணீர் மேட்டு வயலின் கடைசி மூலைவரை ஏறி நின்றதை நான் வரப்பில் நின்று பார்த்தேன். தேன்மொழி கணக்குச் சொன்ன அந்த நாலாம் நாளே நடவு நடந்தது.

மறுநாள் பட்டறையில், அந்தப் பழைய டீ சமாச்சாரம் உட்பட ஒன்றையும் ஒளிக்காமல் பாயிடம் சொன்னேன். ‘அவர்களே’ வரும் என்று காத்திருந்தேன். அவர் சிலேட்டைத் துடைத்து, பதினாலு, ஏழு, ரெண்டு, தொண்ணூற்றெட்டு என்று எழுதி ஆணியில் மாட்டினார்.

“இதை யாரும் துடைக்கக் கூடாது. சேகர், இனிமே எந்த ஊருக்குப் போனாலும் டீ குடிங்க. மோட்டாரை மட்டும் நிறுத்த வுடாதீங்க” என்றார். வேறு சிலேட் வாங்கிக்கொண்டோம். லாட்டரி நம்பர் இல்லை, தம்பி. ஆனால் எனக்கு விழுந்த பரிசு அதுதான்.

பட்டறைக்குப் போய்விட்டு வந்த அடுத்த வாரம், மனது கேட்காமல் அந்த ஊருக்கே போனேன். பதினாலு வருடம் ஆகிவிட்டது. தேன்மொழியின் நிலம் இப்போது இரண்டு ஏக்கர். நான் வரப்பில் வருவது தெரிந்தும் மோட்டார் சத்தம் நிற்கவில்லை. டெர்மினல் பெட்டியைத் திறந்து மூடியைக் காட்டினார். காதர் பாய் கையெழுத்தில் வெள்ளைப் பெயின்ட்: மூன்று, மூன்று, மூன்று. உள்ளே நான் அன்றைக்குப் பயந்து பயந்து சுற்றிய அதே கம்பி. பழக்கதோஷத்தில் கையோடு கொண்டுபோயிருந்த மீட்டரை மாட்டிப் பார்த்தேன். எட்டு, எட்டு, எட்டு.

அவர் டீயை நீட்டி ஏதோ சொன்னார். மோட்டார் சத்தத்தில் காதில் விழவில்லை. காதருகே வந்து கத்தினார்:

“நிறுத்த மாட்டேன் அண்ணே! அப்படியே குடிங்க!”